குதிரை என்றே எழுதுங்கள்

எழுதுங்க, எழுதி எனக்கொரு நகல் குடுங்க... கேட்டே விட்டேன், போலீஸில் என்ன வேண்டுமானாலும் சொல், காகிதம் மட்டும் கேட்காதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும். எதிரே ஸ்டேஷன் ரைட்டர் முகம்மது ஹனீபா பேனாவைத் திறக்காமல் என்னையே பார்க்கிறார். கங்காணி மகள், மதராசில் பி.ஏ. முடித்தவள், பாவாடையெல்லாம் ரத்தம், என் ரத்தமில்லை, முனியாண்டி அண்ணனுடையது. ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்துத் துரை ஓடிப்போனபோது விட்டுப்போன குதிரையை இரண்டு வருஷமாகத் தவிடு தேடிப்போட்டு வளர்த்தவர் அவர், அதில் ஏறித்தான் சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் தோட்டத்துக்குக் கொய்னா மாத்திரை கொண்டுபோகிறேன், தொழிலாளர் லயத்தில் நாற்பது பேருக்குக் குளிர்காய்ச்சல். அரிசி காண்டிராக்டர் நடராஜாவுக்கு அது கண்ணை உறுத்தியது, போன வாரமே லாரியை ஒட்டி நிறுத்தி, "பி.ஏ. அம்மா, குதிரை மேல ஏறிட்டா ரோடு உங்கப்பன் ரோடா, அடுத்த தடவை பிரேக் போட மாட்டேன்லா" என்றான். இன்று பிரேக் போடவில்லை. ஜப்பான்காரன் காவல் சாவடி முன்னால் நான் இறங்கி, அண்ணனும் நானும் இடுப்பு வளையக் குனிந்திருந்தோம், அவன் தலையாட்டும்வரை நிமிரக்கூடாது, பின்னால் ஹார்ன், குதிரை மிரண்டு என் பக்கம் சாய்ந்தது, அண்ணன் குனிந்த தலை குனிந்தபடியே கடிவாளத்தை விடாமல் இழுத்துப் பிடித்தார், சக்கரம் அவர் காலில் ஏறியது, அப்போதும் நிமிரவில்லையே... நான் மட்டும் ஏன் நிமிர்ந்தேன்? நிமிர்ந்ததால்தானே நடராஜாவின் முகத்தைப் பார்த்தேன். குடிகாரன் தானாக விழுந்தான் என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப் புத்தகத்தைப் போன வாரம் அவன் மிரட்டிய அன்றே புரட்டி வைத்திருந்தேன், மிரட்டியது ஒரு வழக்கு, காலை நசுக்கியது பெரிய வழக்கு. "வழக்கு நிக்கும் தங்கச்சி, இல்லேங்கல." என்றார் ரைட்டர். " ஆனா சாவடிக்காரன் கண்டுக்காம விட்டாலும், குதிரைன்னு காகிதத்தில எழுதினா நாளைக்கே ஜப்பான் பட்டாளத்தான் வந்து ஓட்டிட்டுப் போயிருவான். சைக்கிள்னு எழுதட்டா?" சைக்கிளுக்கு ஏது நானா கடிவாளம் என்றேன். சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் சுலபமாக வரும், நன்றி சொல்லத்தான் வராது, இந்த மனுஷர் என்னை விரட்டியிருக்கலாம், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், தன் மாட்டுவண்டியிலேயே அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குதிரை என்று எழுதாவிட்டால் வழக்கே பொய்யாகிவிடும், அண்ணன் குடிகாரனாகிவிடுவார், நடராஜா மறுபடி வருவான். எழுதினால் குதிரை போய்விடும், ஏழு மைல் நடை, காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை பாதி நாள் தாமதம்... நடக்கலாம், எனக்குக் கால் இருக்கிறது.

"குதிரைன்னே எழுதுங்க நானா." எழுதினார், நகலும் எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டார். "ரைட்டருக்குக் கைவலி. இது நாளை மத்தியானம்தான் பெரிய அதிகாரி மேசைக்குப் போகும். இன்னிக்குக் குதிரையில ஒரு நடை ஓட்டிருங்க." நன்றி நானா என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை.

வாசலுக்கு வருகிறேன். மரத்தடியில் குதிரை தலையைத் தூக்கிப் பார்க்கிறது, என்னை அல்ல, எனக்குப் பின்னால், அண்ணன் வருகிறாரா என்று. அவர் கடிவாளத்தைப் பிடித்தது என்னைக் காப்பாற்றவா, இதையா? அவர் பெயருக்காக அவர் குதிரையை எழுதிக்கொடுத்துவிட்டேன், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே... நகலை இடுப்பில் செருகிக்கொண்டு, மாத்திரைப் பையோடு குதிரையை நோக்கி வெயிலில் இறங்குகிறேன்.