வேல்ராஜின் வலப்பக்கம்

மகள் நாலாம் வகுப்புக்குப் போன பிறகுதான் உமாராணி தென்காசியில் நர்சிங் சேர்ந்தாள். ஊசி போடுவது, கட்டுப் போடுவது எல்லாம் அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டன. உடல் பரிசோதனைப் பாடத்துச் சொற்கள்தான் நாக்கில் ஒட்டவில்லை. விரலால் தட்டிப் பார்ப்பது பெர்கஷன். நுரையீரலில் காற்று இருந்தால் கணீரென்று கேட்பது ரெசனன்ஸ். ஈரல் மேல் மொத்தென்று கேட்பது டல்னெஸ். உருப்போட்டது மறுநாளே மறந்தது. ஒரு உடம்பைத் தட்டிப் பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்று டீச்சர் ஜாய் சொல்லிவிட்டார்.

இலஞ்சி வீட்டில் தட்டுவதற்குக் கிடைத்த ஒரே உடம்பு புருஷன் வேல்ராஜுடையது. ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடையடைத்து வந்து சாப்பிட்ட கையோடு சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். உள்ளங்கையை முதுகில் வைத்து, 'தொண்ணூத்தொம்பது' சொல்லச் சொன்னாள். குரலின் அதிர்வு கையில் தெரிய வேண்டும். இடப்பக்கம் தெரிந்தது. வலப்பக்கம் கீழே தெரியவில்லை. தட்டினாள். அங்கே மொத்தென்றது. ஈரல் இருக்கும் இடத்துக்கு வெகு மேலேயே மொத்தென்றது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், மூச்சுச் சத்தமே இல்லை.

"என்னட்டி, பலா பிஞ்சா இருக்கா?" என்று சிரித்தான், தட்டிப் பார்த்தே பலா வாங்கும் வேல்ராஜ்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்கு வறட்டு இருமல். சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனும் சொன்னான், அவளும் நம்பியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதும், சீசன் நேரத்தில் கடையைப் பூட்டச் சொல்கிறாயா என்று முறைத்தான். படித்து முடிக்காத நர்ஸ் சொல்லி யாராவது கடையைப் பூட்டுவானா என்றும் கேட்டான்.

"நான் சொன்னது தப்புன்னா அங்கன வச்சே என்னைப் பாத்துச் சிரிங்க. ஆனா வந்து சிரிங்க," என்றாள்.

அந்தக் குரலுக்கு அவன் மசிந்தான். பக்கத்தில் சிப்ஸ் கடை போட்டிருந்த மெஹர் பானுவிடம் கடையை ஒப்படைத்துவிட்டு மறுநாள் கிளம்பினான்.

தன் காதும் கையும் தப்பாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள் உமாராணி. எக்ஸ்ரேயில் வலப்பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, காசநோயால் வந்தது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழுசாகச் சரியாகும் என்றார் டாக்டர். பாடம் சரியாக வந்ததற்கு அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஊசி வைத்து நீரை எடுத்ததும் வேல்ராஜ் இழுத்து ஒரு மூச்சு விட்டான். இத்தனை நாள் அரை மூச்சில்தான் இருந்திருக்கிறோம் என்று அவனுக்கே ஆச்சரியம்.

மாத்திரை முடிந்து, கடைசி எக்ஸ்ரேயும் நன்றாக வந்த பிறகு அவன் வாய் ஓயவில்லை. ஐந்தருவியில் பழம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பெண்டாட்டி பெருமைதான். ஒருநாள் கடைக்கு வந்த உமாராணியை மெஹர் பானு பிடித்துக்கொண்டு, தன் முதுகையும் தட்டிப் பார்க்கச் சொன்னாள். உமாராணி பொறுமையாக இரண்டு பக்கமும் தட்டினாள்.

"ஒண்ணும் இல்லக்கா. கணீர்னு இருக்கு."

"அப்போ நாளைக்கும் அடுப்படியிலதான் நிக்கணுமா?" என்று சலித்துக்கொண்ட மெஹர் பானு, சட்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிய நேந்திரங்காய் சிப்ஸை ஒரு பொட்டலம் மடித்து அவள் கையில் வைத்தாள்.