பிடித்துத் தைத்த சட்டை

அறுபத்து நாலு கிலோ. மூன்று மாதமாக இதே பாட்டு. நர்ஸ் எடை பார்த்து எழுதுவாள். டாக்டர் ஃபைலைப் பார்த்து, "எடை இறங்கலை, நல்லாப் போகுது" என்பார். ஒருமுறை தலை நிமிர்ந்து இவரைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

இவர் என் வீட்டுக்காரர். குடலில் புற்றுக்கட்டி. நான்காவது ஊசி மருந்து ஏறிய பிறகு, நாலு படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவதுக்குப் போனபோது, புதிதாக வந்த டயட்டீஷியன் பெண்தான் இவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். காலை அமுக்கினாள்; விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. உடனே கம்ப்யூட்டரில் பழைய ஸ்கேனையும் போன மாத ஸ்கேனையும் திறந்து, இடுப்பு மட்டத்துப் படங்களில் தசையை அளந்தாள்.

"அக்கா, தசை அஞ்சுல ஒரு பங்கு போயிடுச்சு. உடம்புல நீர் கோத்து, குறைஞ்ச எடையை மறைச்சிருக்கு. இந்த உடம்பு இதே அளவு மருந்தைத் தாங்காது."

கட்டியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்த மகராசன்கள் ஆளை அளக்கவில்லை. கதவைக்கூடத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். இவர் பின்னாலேயே மெல்ல வந்தார்.

"படம் உங்ககிட்டதானே டாக்டர் இருந்துச்சு? ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?"

"பார்த்திருக்கணும்" என்றார் அவர். "மருந்தைக் குறைச்சுக் கொடுக்கறேன். ஆனா முட்டை, பருப்புன்னு இவர் சாப்பிட்டே ஆகணும். இல்லேன்னா சிகிச்சையையே நிறுத்த வேண்டி வரும்." பிறகு குரலைத் தணித்து, "இவ்வளவு இளைச்சது வீட்ல யார் கண்ணுக்கும் படலையாம்மா?"

நான் தையற்காரி. என் அளவு நோட்டில் எல்லாம் இருக்கிறது. இவர் புஜம் பதின்மூன்று அங்குலம், பிறகு பன்னிரண்டு, இப்போது பத்தரை. சட்டை தொளதொளத்தால் மனுஷன் மனசு விட்டுவிடுவாரே என்று, இவருக்குத் தெரியாமல் கையையும் தோளையும் பிடித்துப் பிடித்துத் தைத்தேன். ஊரையெல்லாம் திட்டினேனே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான்.

"நான்தான் டாக்டர், சட்டையைப் பிடிச்சுத் தைச்சுட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார்.

"சட்டை அளவாத்தானே இருக்குன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் நீ நீட்டின தட்டையெல்லாம் தள்ளிவிட்டேன்."

அதற்கு மேல் யார்மேல் கோபப்படுவது? எல்லார்மேலும் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஆறு சட்டைகளிலும் நான் பிடித்த தையலைப் பிளேடால் பிரித்துப் போட்டேன். இவர் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தோள் சரிந்து தொங்கியது.

அப்புறம் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"முட்டை இருக்கா?"