பொய்க் கழுகு

குரங்குகளுக்குப் பின்னால் அலைவதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பிழைப்பு. அவனுக்குச் செங்குரங்குக் கூட்டம், அவளுக்குக் கருங்குரங்குக் கூட்டம். செங்குரங்குகள் மர உச்சியில் இருந்து வானத்தைப் பார்க்கும். கருங்குரங்குகள் தாழ்ந்த கிளையில் இருந்து தரையைப் பார்க்கும். பழத்துக்காக முறைத்துக்கொள்ளும் இரண்டும், கழுகு சுற்றுகிறது என்றால் மட்டும் ஒரே மரத்தில் சேர்ந்துகொள்ளும். அதைச் சோதிக்க வாரம் ஒருமுறை ஒலிபெருக்கியில் கழுகுக் குரலைப் போடுவார்கள். அதற்கு மேல் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஆராய்ச்சி பாழ்.

திங்கட்கிழமை பேராசிரியருக்கு முன்னால் இவன் வாய் சும்மா இருக்கவில்லை. "கருங்குரங்கெல்லாம் தூங்குமூஞ்சி சார். பின்னாடி போற ஆளும் அப்படித்தான்" என்று சொல்லிவைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள முகாமுக்கு மாற்றிக்கொண்டு நாளைக் காலை ஜீப்பில் கிளம்புவதாகச் சமையல்காரரிடம் சொல்லியிருந்தாள். கட்டிய புருஷனிடம் சொல்லவில்லை, சமையல்காரரிடம் சொன்னாள். அதுதான் அவனைத் தின்றது.

அவள் இல்லாத முகாமில் அவனுக்குச் சோறு இறங்காது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் அவள் காட்டின் மறுகோடியில் இருக்கிறாள். கூட்டத்தை விட்டு நகரவும் மாட்டாள். ஒருமுறை தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆகவே நம் புத்திசாலி, முறையில்லாத நாளில் கழுகுக் குரலைப் போட்டான். கருங்குரங்கு வந்தால் பின்னாலேயே அவளும் வந்துதானே ஆகவேண்டும்.

செங்குரங்குகள் அலறியடித்துக்கொண்டு கீழ்க்கிளைக்கு இறங்கின. வெகுநேரம் கழித்துப் புதரை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள், மூச்சு வாங்க. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மெஷினைப் போட்ட? அறிவிருக்கா? ரெண்டு பேர் வேலையும் கெட்டுச்சு."

"நீ போயிடுவேன்னு பயமா இருந்துச்சு. அன்னிக்கு நான் பேசினது தப்பு. அதே ஆளுங்க முன்னாடி சொல்றேன். போகாத."

அவள் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். அவன் அண்ணாந்து பார்த்தான். மரம் முழுக்கச் செங்குரங்குகள்தான். கறுப்பாக ஒன்றுகூட இல்லை.

"உன் கூட்டம் எங்க?"

"அதுங்க அத்திப்பழத்தை விட்டு அசையவே இல்ல. நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துட்டேன்," என்றாள். "இந்நேரம் எங்க போச்சுங்களோ. நாளைக்குத் தேடணும், நீயும் வா."