மலை வழியாக லீட்ஸுக்கு

சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள், எந்தப் பக்கமும் பஸ் இல்லை என்ற செய்தி வந்தபோது இசைவாணிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் அது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்கள் கிடந்தன. சேலம் ரோட்டில் வேப்பமரங்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டிகளின் டயர்களில் காற்று இல்லை. சனிக்கிழமை மெட்ராஸில் அவளுக்கு விமானம். அதை விட்டுவிட்டால் அடுத்த வாரம் லீட்ஸ் நகரத்தில், அவள் படிக்கும் கல்லூரியில், இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாமல் போகும். அப்படி முடியாமலே போய்விட வேண்டும் என்றுதான் அவள் மனம் ஓசையில்லாமல் வேண்டிக்கொண்டிருந்தது.

அப்பா பிச்சைமுத்துவுக்கு இது தெரியாது. மகள் எப்போதும் போல வகுப்பில் முதல். அரசாங்கமே செலவு செய்து சீமைக்கு அனுப்பிய பெண். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று லீவு கேட்டு வந்தாள், அம்மா தேறிவிட்டாள், இனித் திரும்ப வேண்டும். வழியில் மரம் கிடக்கிறது. அவருக்குத் தெரிந்த இடைஞ்சல் அந்த மரம் ஒன்றுதான்.

"மலையேறிப் போயிடலாம்" என்றார். "கச்சிராயபாளையம் வரிக்கும் நடந்துட்டா அதுக்கு மேல வெள்ளிமலைக்கு ஜீப்பு ஓடுது. வெள்ளிமலையிலேர்ந்து கருமந்துறை. அந்தப் பக்கம் எறங்கினா ஆத்தூரு, சேலம். சேலத்துல ரயிலு போவுதாம்."

"அங்கயும் மறிச்சிருந்தா?"

"இருந்தா பாத்துக்கலாம்."

உள்ளே பாயில் படுத்திருந்த தைலம்மாள், "அவ போவ மாட்டேன்றா மாதிரி இல்ல கேக்குறா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தையல் போட்ட இடம் வலித்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இசைவாணி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பூட்டினாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். பெட்டியைப் பிச்சைமுத்து தலையில் வைத்துக்கொண்டார். வடக்கனந்தலைத் தாண்டினார்கள். கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பஸ் ஓடாத ரோடு இவ்வளவு அகலம் என்று அவள் அதற்கு முன் கவனித்ததில்லை.

"கொஞ்ச தூரம் நான் தூக்குறம்ப்பா."

"அங்க இத யாரு தூக்குவாங்க?"

"அவங்கவங்க பெட்டிய அவங்கவங்கதான்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். வாத்தியாருங்ககூட."

அவர் அதை யோசித்துக்கொண்டே நெடுந்தூரம் நடந்தார். "அப்ப அங்க போயி தூக்கிக்க" என்றார் கடைசியில்.

லீட்ஸைப் பற்றி அவர் இப்படித்தான் கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. பதிலை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அவளும் ஒரு வாக்கியத்தில் அடங்குவதை மட்டும் சொல்லியிருந்தாள். அங்கே காலை மிதித்தவன் மட்டுமல்ல, மிதிபட்டவனும் மன்னிப்புக் கேட்பான். பஸ்ஸுக்கு இரண்டு பேர் நின்றாலும் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். இங்கிலீஷ்காரர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா அவளைத் தன் மேசையிலேயே உட்கார வைத்துத் தன் தட்டு போன்ற தட்டிலேயே பரிமாறினாள். முதல் நாள் இசைவாணி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த வீட்டில் இருந்த அத்தனை மாதங்களில் அந்த அம்மாள் அவளுடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முதலில் அது விடுதலையாக இருந்தது. தன் தெரு எதுவென்று தெரியாத ஊரில் நடப்பது புதுக்காற்றில் நடப்பது போலிருந்தது. குளிர்காலம் வந்து நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியபோது, தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊரில் தான் இருக்கிறோமா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

சொல்லாமல் வைத்திருந்தது வேறு.

அவளுடைய ஆசிரியை, நடு வயதுப் பெண்மணி, முதல் வகுப்பிலேயே தன்னை மார்கரெட் என்று கூப்பிடச் சொன்னார். மற்ற மாணவர்கள் மறுநாளே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இசைவாணிக்கு நாக்கு எழவில்லை. வயதில் மூத்தவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவள் ஊரில் தினமும் கேட்டு வளர்ந்தவள். நேற்றுப் பிறந்தவன் வாயில் அவள் அப்பாவின் பேர் அப்படித்தான் வந்து விழும். அது மரியாதையோ அன்போ ஆகும் என்று எவ்வளவு சொன்னாலும் உடம்பு நம்பவில்லை. வருஷம் முழுக்க அந்த ஆசிரியையை எந்தப் பேரும் சொல்லாமலே கூப்பிட்டாள்.

வகுப்பில் பாடம் முடிந்ததும் ஆசிரியை, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். அவள் முறை வரும்போது அறை அமைதியாகும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். கட்டுரை எழுதச் சொன்னபோது அவளுக்குத் தெம்பு வந்தது. எழுதுவது தெரியும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்பது தலைப்பு. ஆசிரியை அதைப் பற்றி மூன்று வகுப்புகள் எடுத்திருந்தார். அவர் சொன்னதை வரி பிசகாமல், ஒரு சொல் சிந்தாமல் எழுதிக் கொடுத்தாள். கள்ளக்குறிச்சியில் அவளை முதல் மாணவியாக்கியது அதுதான். ஆசிரியர் சொன்னதை ஆசிரியருக்கே திருப்பிக் கொடுப்பதைவிட அவருக்குச் செய்யும் மரியாதை வேறு என்ன இருக்கிறது?

கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியை பென்சிலால் எழுதியிருந்தார்: "இவை என் வாக்கியங்கள். உன்னுடையவை எங்கே?" பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்வி. பிறகு அலுவலகத்தில் கூப்பிட்டு, இதற்கு அங்கே என்ன பேர் என்று மெதுவாகச் சொன்னார்கள். திருட்டு என்ற சொல்லை அவர்கள் வாயில் எடுக்கவில்லை. சுற்றி வளைத்து மிக நாகரிகமாகச் சொன்னார்கள். அது இன்னும் சுட்டது. புதிதாக எழுதி வர வேண்டும், இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். பேசாவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. அவள் இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

மலையடிவாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய வேம்பு ஒன்று சாய்ந்து கிடந்தது. ஏழெட்டு பேர் அதன் மேலும் கீழும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தமிழரசன். பிச்சைமுத்து வேலை செய்யும் நிலத்துக்காரர் கந்தசாமியின் மகன். பத்தாவது வரை இசைவாணியின் வகுப்பு. மருத்துவப் படிப்புக்கு இரண்டு வருஷம் முயன்று இடம் கிடைக்காமல் ஊரோடு நின்றுவிட்டவன்.

பிச்சைமுத்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலைத் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"யோவ் பிச்சமுத்து, எங்க கெளம்பிட்ட?"

"பாப்பாவ ஏத்தி வுடப் போறங்க சின்னய்யா. சீமைக்குப் போவுது. ஜீப்பு அந்தாண்ட நிக்குதாம்."

"சீமைக்கு மலை வழியா ரூட்டு போட்டுட்டாங்களா?" என்றான் மரத்தின் மேலிருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிச்சைமுத்துவும் சிரித்தார்.

தமிழரசன் எழுந்து வந்தான். "இன்னா இசைவாணி. எப்படிக் கீது உங்க லண்டன்?"

"லண்டன் இல்ல. லீட்ஸ்."

"ஏதோ ஒண்ணு. அங்க சாதி கேப்பாங்களா?"

"வெள்ளக்காரங்க யாரும் கேக்கல. ஒரே ஒருத்தர் கேட்டாரு. அவரு மெட்ராஸ்காரரு."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவளும் லேசாகச் சிரித்தாள்.

"அப்ப எல்லாரும் சமம்தான் அங்க."

"அப்பிடியும் இல்ல. நான் இருக்குற வூட்டுக்காரரு சுரங்கத்துல வேல பாத்தவரு. எங்க வாத்தியாரம்மா போன் பண்ணா எடுக்க மாட்டாரு. தான் வாயத் தொறந்தா பேச்ச வெச்சே எந்தத் தெருன்னு கண்டுபுடிச்சிடுவாங்களாம். அவரு புள்ள படிப்ப வுட்டுட்டான். அந்தப் படிப்பெல்லாம் நமக்கில்லன்னு அவரே சொல்றாரு."

"வெள்ளக்காரனே அப்பிடிச் சொல்றானா?" தமிழரசன் இன்னும் ஓரடி முன்னால் வந்தான். குரல் மாறியது. "சரி, நீ படிச்சவ. நீயே சொல்லு. உங்களுக்குப் பங்கு குடுத்தாங்க, நீ சீமைக்குப் போன. எங்களுக்கும் எங்க பங்க குடுன்னு கேக்குறோம். தப்பா?"

"தப்பே இல்லீங்க சின்னய்யா" என்றார் பிச்சைமுத்து.

"உன்னக் கேக்கல பிச்சமுத்து. அவளக் கேக்குறேன். நீ இன்னா நெனைக்கிற?"

வகுப்பறையில் விழும் அதே அமைதி. அவனுக்குப் பிடித்த பதில் எது என்று அவளுக்குத் தெரியும். பேப்பரில் எழுதியிருந்த பதில்களும் தெரியும். வழக்கம் போலத் தலையைக் குனிந்தாள். அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. புழுதியில் இரண்டு விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி அழுத்திக்கொண்டிருந்தன.

"தப்பில்ல" என்றாள். "கணக்குல நீ என்னவிட ஜாஸ்தி மார்க்கு. உனக்கு சீட்டு கெடைக்காம போனது நாயமில்ல. உங்க அப்பாவுக்கு நெலம் கீதுன்னு சொல்லுவாங்க. இந்த மரத்து மேல குந்திக்கினு கீறவங்கள்ல எத்தினி பேருக்கு நெலம் கீது? கேளுங்க. கேக்கத்தான் வேணும்."

நீ என்று சொன்னதை அவளே அப்போதுதான் கேட்டாள். நிறுத்தியிருக்கலாம். மரத்தின் மேல் இருந்தவர்கள் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா மறியலு ஆரம்பிச்ச மொத நாளு எங்க தெருவுல ரெண்டு கூர எரிஞ்சிது. அது எதக் கேக்குறதுக்கு?"

"வாணி" என்றார் பிச்சைமுத்து.

"அது நாங்க இல்ல" என்றான் தமிழரசன்.

"நீ இல்லன்னு எனக்கும் தெரியும். யாருன்னு உனக்குத் தெரியும்."

மரத்தின் மேலிருந்தவன் இறங்கினான். "சீமைக்குப் போயி வாயி நீண்டுடுச்சி. இன்னாடா கேட்டுக்கினு நிக்கிற?"

தமிழரசன் கையை மட்டும் நீட்டி அவனைத் தடுத்தான். அவன் முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "வுடுங்கடா. போவட்டும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனார்கள். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"பிச்சமுத்து. திரும்பி இதே வழியாத்தான வருவ?"

மிரட்டலா, வெறும் விசாரிப்பா என்று குரலில் தெரியவில்லை. பிச்சைமுத்து திரும்பி நின்று, "ஆமாங்க சின்னய்யா, இதே வழிதாங்க" என்றார்.

முதல் வளைவுக்கு மேலே ஜீப் நின்றது. கடுக்காய் மூட்டை இறக்கிவிட்டு ஆள் சேரக் காத்திருந்தது. இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். அவர்தான் முதலில் பேசினார்.

"அந்தக் கூர பேச்ச நீ எடுத்திருக்க வேணாம்."

"தப்பாப்பா?"

"தப்புன்னு சொல்லல. வேணாம்னு சொன்னேன்."

"நான் போவலப்பா."

அவர் பதறவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டுரை, பென்சில் எழுத்து, இரண்டு பேர், விமானம் தவறிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டது. சொல்லும்போது கீழே தெரிந்த அணைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரு சொன்னத எழுதினா அங்க குத்தமா?"

"ஆமாம்ப்பா."

"அந்த ரெண்டு பேரும் உன்ன இன்னா பண்ணுவாங்க?"

"பெயில் பண்ணலாம். ஊருக்கு அனுப்பிடலாம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"வூட்டாண்ட வருவாங்களா?"

"மாட்டாங்க."

"ஆள வெச்சி எதுனா பண்ணுவாங்களா? வேலைக்கு வராதன்னு சொல்லுவாங்களா?"

"இல்லப்பா. கேப்பாங்க. நான் சொல்றத எழுதிக்குவாங்க. முடிஞ்சதும் டீ குடுப்பாங்க."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப பேசிட்டு வா" என்றார்.

"நீ தனியா எப்பிடிப்பா அந்த வழியா போவ? இன்னிக்கு நான் பேசினதுக்கு..."

"நீ கூட வந்தா ரெண்டு பேரா பதில் சொல்லணும். நான் ஒருத்தன்னா கும்புட்டுட்டுப் போயிடுவேன்."

டிரைவர் ஹாரன் அடித்ததும் அவள் ஏறி உட்கார்ந்தாள். பிச்சைமுத்து பெட்டியை ஜீப்பின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். கயிறு இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஜீப் மூன்றாவது வளைவில் ஏறியபோது கீழே ரோடு தெரிந்தது. வேம்பு ஒரு பச்சைக் கோடாகக் கிடந்தது. அப்பா அதை நெருங்கிக்கொண்டிருந்தார். மரத்துக்குச் சற்று முன்னால் நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒருவன் எழுந்து அவருக்கு எதிரே வந்தான். தமிழரசனா, மற்றவனா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

வண்டியை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. இறங்கி ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படிச் செய்தால் அது அப்பாவுக்காகவா, அந்த இரண்டு பேருக்குப் பயந்தா என்று தன்னையே கேட்டாள். கேள்விக்கு யார் சொன்ன வாக்கியமும் உதவிக்கு வரவில்லை.

பாறை மறைத்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை. அவள் டிரைவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அவள்தான். அதை மரத்தின் மேலோ மறியலின் மேலோ அப்பாவின் மேலோ போட முடியாது என்று தெரிந்தபடி, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.