திருமதி டாலிவருக்கு ஒரு கடிதம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வினைமுற்றிலிருந்து வந்தது. 'ஸில்ஃபா தபாலாபீசுக்கு வந்தாள்' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'தபாலாபீசை நடத்தும் திருமதி ஸ்ட்ரவுட் நிமிர்ந்து பார்த்தார்' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்ததும் வெட்கமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் வயது ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் விதவைகள். கறுப்புப் பெண்மணி 'வந்தாள்'. வெள்ளைப் பெண்மணி 'பார்த்தார்'. அப்படி எழுது என்று யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

(நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். நம் கதைகளில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் எப்போதும் 'வந்தாள்' தானே.)

ஆகவே மறுபடியும்.

2

ஸில்ஃபா தபாலாபீசுக்கு வந்தார். ஜார்ஜியாவில் மேஹா ஃபெர்ரி என்ற ஊர், 1888 செப்டம்பர், வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. பருத்தி எடுக்கும் மாதம் என்பதால் விரல் நுனியெல்லாம் கீறல். ஆற்றங்கரை மரங்களின் மேல் மஞ்சள் வெயில் மெல்லச் சாய்ந்து

வேண்டாம். அவர் வெயில் பார்க்க வரவில்லை.

யாரும் வாங்க வராத கடிதங்களின் பட்டியலை வாசல் கதவில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். ஸில்ஃபா தேவாலயத்தில் ஞாயிறுதோறும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர். நான்காவது வரியில் விரலை வைத்து மூன்று தடவை படித்தார். திருமதி டாலிவர். டெக்சஸிலிருந்து.

அவருடைய மகள் கெஸையாவை எட்டு வயதில் டெக்சஸ்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டார்கள். அது உள்நாட்டுச் சண்டைக்கு முன்னால், 1859இல். அடிமைகளுக்கு விடுதலை வந்த நாள் முதல் ஸில்ஃபா தேடிக்கொண்டிருக்கிறார். போன வசந்தத்தில் போதகர், டெக்சஸ் தேவாலயங்களில் வாசிக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு எழுதினார். பதில் யார் பெயருக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

"ஸில்ஃபான்னு போடாதீங்க, போதகரே. அந்தப் பேர்லதான் ஊர்ல உள்ள பொடிசுங்க வரைக்கும் என்னக் கூப்பிடுது. திருமதி டாலிவர்னு போடுங்க. எம் மக கையாலயாவது அத எழுதட்டும்."

எழுதியிருந்தாள். அதுதான் வம்பாகிவிட்டது.

3

'திருமதி ஸ்ட்ரவுட் ஏளனமாகச் சிரித்துக்கொண்டே கடிதத்தை ஒளித்'

இல்லை, அவர் ஒளிக்கவில்லை. அவரைக் கொடுமைக்காரியாக்க நான்கு நாள் மெனக்கெட்டேன், அவர் மசியவில்லை. இருபது வருடமாகப் புதன்கிழமைதோறும் ஸில்ஃபாவிடம் முட்டை வாங்குகிறார். 'ஸில்ஃபா அத்தை' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார். நமக்கு அத்தை என்றால் உறவு. இந்த மாவட்டத்தில் கறுப்புப் பெண்களை அத்தை என்பது, திருமதி என்று சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி. முப்பது வருடம் இந்த ஜார்ஜியாவில் குடியிருந்துதான் எனக்கே அது பிடிபட்டது.

(திருமதி ஸ்ட்ரவுட்டின் சொந்தப் பெயர் என்ன? தெரியவில்லை. வாசல் பலகையில் 'திருமதி ஹார்லன் ஸ்ட்ரவுட்' என்று இருக்கிறது. ஹார்லன் செத்துப்போன புருஷன். கற்பனையாக ஒரு பெயரைக் கொடுத்திருக்கலாம், கை வரவில்லை.)

அவர் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டாலிவர் வீட்டம்மா செத்து ஆறு வருஷமாச்சே, அத்தே. அவங்க கடுதாசிய உங்கிட்ட எப்படிக் குடுக்கிறது?"

"அந்தம்மாவுக்கு இல்லீங்க. எனக்கு."

"உனக்கா? நீ ஸில்ஃபாதானே."

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அந்த ஊருக்குத் தெரிந்த ஒரே திருமதி டாலிவர், ஸில்ஃபாவையும் அவர் கணவர் ஏமஸையும் அடிமைகளாக வைத்திருந்த வெள்ளைக்கார எஜமானி. விடுதலைக்குப் பிறகு ஏமஸ் அந்தக் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். வேறு பெயர் கைவசம் இல்லை.

நான்கு மணிக்குத் தபால் வண்டி வரும். வாங்க ஆளில்லாத கடிதங்கள் வாஷிங்டனுக்குப் போகும். அனுப்பியவரின் விலாசமும் கிடைக்காவிட்டால் அங்கே எரித்துவிடுவார்கள். உறையின் மேல் அனுப்பியவர் விலாசம் இல்லை.

4

முதல் முடிவு: திருமதி ஸ்ட்ரவுட், 'இந்தாங்க, திருமதி டாலிவர்' என்று நீட்டுகிறார். எழுதி மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். மேஹா ஃபெர்ரியே சிரித்தது.

இரண்டாவது முடிவு: ஸில்ஃபா பணிந்து, 'நான் வெறும் ஸில்ஃபாதாங்க' என்கிறார். ஆனால் வெறும் ஸில்ஃபாவுக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே. பெயரை விட்டால் கடிதம் போச்சு. பிடித்துக்கொண்டால் திமிர் பிடித்தவள் என்ற பட்டம்.

மூன்றாவதாக, மானத்தைப் பற்றி அவரை ஒரு பக்கத்துக்குப் பேசவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் ஸில்ஃபா என் பக்கம் திரும்பினார்.

"உங்க 'தாளு'ம் 'தாரு'ம் உங்களோடயே இருக்கட்டும். எம் புள்ள கடுதாசி அந்தா கெடக்கு. அத வாங்கிக் குடுக்க முடியுமா உங்களால?"

முடியவில்லை. எழுதுகிறவனை யார் சாட்சியாக ஏற்றுக்கொள்வார்கள்?

5

ஆனால் வரிசையில் ஸில்ஃபாவுக்குப் பின்னால் நிற்பது நீங்கள். கையில் அனுப்ப வேண்டிய கடிதம் ஒன்று. உங்கள் நிறம் என்ன என்று நான் எழுதப்போவதில்லை. திருமதி ஸ்ட்ரவுட் உங்களிடம் பேசும் விதத்திலிருந்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

"நீங்களே சொல்லுங்க. இந்த ஊர்ல திருமதி டாலிவர்னு யாராவது உசுரோட இருக்காங்களா? நீங்க ஆமான்னா நான் குடுத்துடறேன்."

உங்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். உங்கள் பருத்தியை விலைக்கு எடுப்பவர், தேவாலயத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஸில்ஃபா திரும்பி உங்களைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் நீங்கள் அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

தபால் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் நான் எழுதவில்லை. நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.