மைனஸ் இரண்டில் ஒரு கேக்

பெயின்டருக்கு வெள்ளை என்றால் வெறும் வெள்ளை கிடையாது. பால் வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை என்று வீட்டுக்காரர்கள் கொட்டாவி விடும் வரைக்கும் அடுக்குவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில், மனைவி பார்த்துப் பார்த்துச் செய்த வெள்ளை கேக், கேமராவில் சிமெண்ட் மூட்டை மாதிரி வந்து விழுந்தது.

விருந்து மண்டபத்து மேனேஜர் நாலு மணிக்குள் படம் கேட்டிருந்தார். பிடித்துவிட்டால் வாரா வாரம் ஆர்டர். அக்கம்பக்கத்துப் பிறந்தநாளுக்கெல்லாம் முகதாட்சண்யத்துக்காகச் செய்து கொடுத்தே கை ஓய்ந்தவளுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தொழில்காரியாக மதித்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

பெயின்டர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தார். திரைச்சீலையை விலக்கினார். பனியன் நுனியால் லென்ஸைத் துடைத்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். ஃப்ளாஷ் போட்டதில் தட்டின் விளிம்பு மட்டும் பளபளத்தது, கேக் அழுமூஞ்சியாகவே இருந்தது.

"உன் தம்பி குடுத்த கேமரா வேற எப்படி இருக்கும்?" என்றார்.

"போன மாசம் நல்லாத்தானே எடுத்துச்சு," என்றாள் மனைவி.

"அப்போ க்ரீம்லதான் கோளாறு. வெண்ணெய் மஞ்சளடிக்குதுல்ல. நாங்க செவுத்து வெள்ளையில ஒரு சொட்டு நீலம் கலப்போம். அப்புறம் பாரு, பளிச்னு தூக்கும்."

வேறு நாளாக இருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். அன்று கடிகாரம் அவளை விரட்டியது. கேக்குக்குப் போடும் நீலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு என்று சொன்னவர் கை, சுவர் சுவராகப் பூசிப் பழகிய கை. மீதியிருந்த க்ரீமில் தாராளமாகவே விழுந்தது. சமையலறையின் மஞ்சள் விளக்கில் எதுவும் தெரியவில்லை. குளிர்பெட்டியில் இறுகியிருந்த முதல் பூச்சின் மேல் இரண்டாவது பூச்சு ஏறியது.

ஜன்னலருகே கொண்டு வந்து வைத்ததும் அதன் நிஜ நிறம் தெரிந்தது. அந்த நிறத்தைப் பெயின்டர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அவரே அடித்த நிறம்.

மனைவி திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம் என்று பெயின்டருக்கு இருந்தது. வேறு வழியில்லாமல் மச்சானுக்குப் போன் போட்டார்.

"அத்தான், ஏதாவது பட்டனத் தொட்டீங்களா?"

"நானா? தொடவே இல்ல."

"திரையோட ஓரத்துல மைனஸ் போட்டு ஏதாவது நம்பர் இருக்கா பாருங்க. இருந்தா படமெல்லாம் இருட்டாத்தான் விழும்."

இருந்தது. மைனஸ் இரண்டு, எறும்பு அளவில், ஓரமாக. பெயின்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் தான் அடர்நிறம் அடித்து முடித்த சுவரை வெயிலில் படம் எடுத்தபோது எல்லாம் வெளிறிப்போய் விழவும், எதையெதையோ அமுக்கி இருட்டாக்கியது அவரேதான்.

"அப்படி ஒண்ணும் இல்லியே மச்சான்," என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலால் அதைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டுப் போனை வைத்தார்.

இனி கேமரா உண்மையைச் சொல்லும். ஆனால் உண்மை இப்போது ஆஸ்பத்திரி நிறத்தில் இருந்தது.

"அழாதம்மா. கீழ முதல் கோட்டிங் இறுகித்தானே இருக்கு," என்றார். வேலைப் பை அடியில் பிரிக்காமல் கிடந்த, பெயின்ட் சுரண்டும் புதுத் தகட்டை எடுத்துக் கழுவினார். பழைய பெயின்டைச் சுரண்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. தட்டைச் சுற்றிச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேல் பூச்சை மட்டும் வழித்தெடுத்தார். அடியில் வெள்ளை வெளேரென்று கேக் வந்தது. தகடு போன வழியெல்லாம் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. அதை மறைக்க நேரமில்லை.

படம் எடுத்தார். கொஞ்சம் மங்கல்தான். எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால் கேமரா தானாக அடக்கி வாசிக்கும் போலிருக்கிறது. அதே பட்டனை இந்தத் தடவை மறுபக்கம் அமுக்கி, பிளஸ் ஒன்று வைத்தார். பால் வெள்ளை. மனைவி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் படம் போய்ச் சேர்ந்தது. பெயின்டர் அப்பாடா என்று முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் திரை முழுக்க அவருடைய போன வாரத்துச் சுவர். நட்டநடுப் பகலில் எடுத்த சுவர், மாலை மயங்கின மாதிரி இருந்தது.

"பட்டனத் தொடவே இல்லன்னீங்க," என்றாள் மனைவி.

பெயின்டர் துண்டால் காதைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த காது.

அதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் படித்தாள். பக்கவாட்டில் இருக்கும் கோடுகள் ரொம்ப அழகாக இருக்கின்றன, எல்லா கேக்கும் இதே மாதிரி வேண்டும், வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கலாம் என்று மேனேஜர் எழுதியிருந்தார். அவள் இரண்டு தரம் படித்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கோடு போடறதுக்கு வீட்லயே ஆள் இருக்குன்னு எழுதிடறேன்," என்றாள். "இனிமே வெள்ளிக்கிழமையில வெளி வேலைக்கு ஒத்துக்காதீங்க."

"சரிம்மா."

"இப்போ என் தம்பிக்குப் போன் போடுங்க."

போட்டார். மறுமுனையில் மச்சான் எடுத்த எடுப்பிலேயே கேட்டான்: "மைனஸ் இருந்துச்சா அத்தான்?"

பெயின்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தகட்டில் ஒட்டியிருந்த க்ரீமை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு," என்றார்.