அணைய மறுத்த மூன்றாம் பகுதி

1

இந்தக் கதையை லோர்னா ஹாபலா சாப்பாட்டு மேசையில், சூப்பை ஆற்றிக்கொண்டே, இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை காலையில மெஷினை அணைச்சோம். திரும்பப் போட்டோம்." பக்கத்தில் இருந்த டுவைட் ஸ்கால்கோ சிரித்த சிரிப்பில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இருவரையும் தனித்தனியாகக் குடைந்து எடுத்ததை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "சூப்பீரியர் ஏரியின் மேல் பனி ஒரு..." வேண்டாம். பனியை எல்லோரும் எழுதியாயிற்று.

இரண்டாவது: "சர்வர் என்பது..." இதுவும் வேண்டாம்தான், ஆனால் சொல்லாமல் நகர முடியாது. எங்கள் மாவட்ட அலுவலகத்தின் சர்வர், அதாவது எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினி, ஒரே பெட்டி. உள்ளே நான்கு குடித்தனம். வரி, நூலகம், ஆம்புலன்ஸ், இந்த மூன்றையும் மேய்க்கும் தலைமைப் பகுதி. ஒவ்வொன்றும் தன் அடுப்பைத் தானே அணைக்க வேண்டும், தலைமை கடைசியில். அதற்குப் பிறகுதான் மின்சாரத்தைப் பிடுங்கலாம். முந்திக்கொண்டால், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோகும்.

2

சர்வர் லோர்னாவின் பொறுப்பு. டுவைட் அதைப் பழுதுபார்க்க வந்தவன். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று செத்துவிட்டது. மற்றது தனியாக எல்லாவற்றையும் சுமந்து சூடேறிக்கொண்டிருந்தது.

[டுவைட்டை முதலில் வெறும் அவசரக்காரனாக எழுதினேன். படித்துவிட்டுக் கேட்டான்: "நான் என்ன மாடா, சும்மா முட்டிக்கிட்டே இருக்க?" நியாயம். அவன் பயந்திருந்தான்.]

வரி அணைந்தது. நூலகம் அணைந்தது. ஆம்புலன்ஸ் பகுதி மட்டும் "அணைகிறது" என்ற சொல்லிலேயே நின்றது.

"இன்னுமா?"

"இன்னும்தான்."

"அந்தச் சப்ளையைத் தொட்டுப் பாரு லோர்னா. முட்டை பொரிக்கலாம்."

"வெண்ணெய் கொண்டாந்தியா?"

"விளையாடாத. அது தானா விழுந்தா மொத்தமும் போயிரும். இந்த ஆம்புலன்ஸை மட்டும் வலுக்கட்டாயமா அணைச்சிடு. மத்ததாவது பொழைக்கும்."

லோர்னாவின் விரல் விசையின் மேல்தான் இருந்ததாம். "உள்ள யாரோ வேலையா இருக்காங்கப்பா," என்றவள் விரலை எடுத்துவிட்டு, மாடியில் ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் ரெனாட்டாவின் அறைக்குப் போன் போட்டாள்.

3

"ரெனாட்டா, எல்லாத்தையும் மூடச் சொன்னேனே?"

"மூடப் போறப்பதான் ஒரு போன் வந்துச்சு. லூன் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. டிரைவர் ரேடியோல வழி கேட்டுக்கிட்டே இருக்கான். வழி பூரா இந்தத் திரையிலதான் இருக்கு. நான் மூட மாட்டேன்."

"மூடாத. ஆள் அனுப்புறேன், படிச்சுக் காட்டு."

டுவைட் அதற்குள் படியில் ஓடிக்கொண்டிருந்தான். லோர்னா சர்வர் அறையின் பின்கதவை அகலத் திறந்து, நாற்காலியை அண்டைகொடுத்தாள். மார்ச் மாத ஏரிக்காற்று நேராகச் சப்ளையின் மேல் அடித்தது. கோட்டு மாடியில் கிடந்தது. பல் கிடுகிடுக்க நின்றாள்.

[இங்கே சப்ளை விழுவதாகவும், ஆம்புலன்ஸ் வழி தவறி... அடித்துவிட்டேன். சோகம் எழுதுவது எனக்குச் சுலபம். அன்று நடந்தது அதுவல்ல.]

மாடியில் ரெனாட்டா படிக்கப் படிக்க, டுவைட் வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினான்: திருப்பங்கள், உடைந்த பாலம், பச்சை வாசல், கணவனின் போன் எண். ரெனாட்டா ஒருமுறை ஒத்துப்பார்த்தாள். திரையை மூடிவிட்டு, பலகையைப் பார்த்தே டிரைவருக்கு வழி சொன்னாள்.

கீழே திரை மாறியது: அணைந்தது. தலைமைப் பகுதியும் சமர்த்தாகப் பின்னால் போனது. மூச்சிரைக்க வந்து நின்ற டுவைட்டிடம் லோர்னா சொன்னாள்: "இப்பப் புடுங்கு."

புடுங்கினான். புதுச் சப்ளைகளைப் பூட்டினான். தலைமை, வரி, நூலகம், ஆம்புலன்ஸ் என்று வரிசையாக எழுந்தன. ஓர் எழுத்துக்கூடத் தொலையவில்லை. ரெனாட்டா விட்ட இடத்திலேயே அந்தப் பதிவு திறந்தது. கடைசிக் கட்டத்தில் அவள் தட்டச்சு செய்தாள்: வண்டியிலேயே பெண் குழந்தை, இருவரும் நலம்.

டுவைட் லோர்னாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

"இறக்குப்பா, முதுகு போயிரும்."

"யார் முதுகு?"

"உன்னோடதுதான்."

4

முடிவை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மேசையில் இப்போது ரெனாட்டாவும் சேர்ந்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று மூவருக்கும் வாக்குவாதம். டுவைட் தன் பெயரைப் பெண்பாலாக்கிப் பார்க்கிறான். லோர்னா சூப்பு மூக்கில் ஏறச் சிரிக்கிறாள்.

உள்ளே ஆள் இருக்கும்போது இந்தக் கதையை நான் அணைப்பதாக இல்லை. அவர்கள் பேசி முடித்ததும், வாசகரே, நீங்கள் அணைத்துவிடுங்கள்.